அருவியைக் காட்டுதலும் பாட்டைக் கேட்பித்தலும்: இணையவழித் தமிழ் கற்பித்தலில் காணொலியின் பயன் – திருக்குற்றாலக் குறவஞ்சியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இணையவழிக் கற்பித்தலில் காணொலியின் பயன் பெரும்பாலும் வருகைப் பதிவு, பார்வை எண்ணிக்கை, தரவு வசதி ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. காணொலி ஓர் இலக்கியப் பனுவலை என்ன செய்கிறது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. திருக்குற்றாலக் குறவஞ்சியின் சில பகுதிகளைக் கொண்டு, செய்யுள் கற்பித்தலில் காட்சி எங்கே சொல்லின் இடத்தைப் பறிக்கிறது, எங்கே அச்சு இழந்ததை மீட்டுத் தருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காணொலி, இணையவழிக் கற்பித்தல், குறவஞ்சி, ஒழித்துக்காட்டணி, வாய்விட்டு வாசித்தல், டி.கே.சி.

முன்னுரை

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. நான்கு மாதம் கழிந்து, 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் கல்வி நிறுவனங்கள் மூடப்பட்டன. தம் மண்ணில் பிறந்த இலக்கியத்தை அம்மண்ணின் மாணாக்கரே கைப்பேசித் திரையில் படிக்கும் நிலை நேர்ந்தது. தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி, குற்றாலநாதரின் உலா, வசந்தவல்லியின் காதல், சிங்கி குறி சொல்லுதல், அவளைத் தேடிவரும் சிங்கனின் அலைச்சல் என விரியும் இசைநாடகமாகும். படிக்கப்படுவதற்கு முன்னரே பார்க்கவும் கேட்கவும் எழுந்த நூல் அது. காணொலியின் பயனை ஆராய இதனினும் பொருத்தமான பனுவல் தமிழில் அரிது.

காட்சிவழிக் கல்வி நம் நாட்டில் பெருந்தொற்றோடு தோன்றியதன்று. 1975-76இல் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 ஊர்களில் செயற்கைக்கோள்வழித் தொலைக்காட்சிக் கல்விச் சோதனை நடைபெற்றது. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடளாவிய வகுப்பறை ஒளிபரப்பு, 2004இல் எடுசாட் செயற்கைக்கோள், 2017இல் சுவயம் தளம், 2019 ஆகஸ்டு 26இல் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி எனத் தொடர்ந்த வரலாறு தனியே எழுதத்தக்கது. இங்கு வேண்டுவது ஒரே ஒரு வேறுபாடு. ஒளிபரப்பு தன்போக்கில் ஓடி முடிந்துவிடும். இணையக் காணொலியை மாணவர் நிறுத்தலாம், பின்னோக்கி நகர்த்தலாம், ஒரே அடியைப் பத்து முறை கேட்கலாம். செய்யுளுக்கு இவ்வேறுபாடு அடிப்படையானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

சொல்வழக்கு பற்றி ஒரு குறிப்பு. ‘காணொளி’, ‘காணொலி’ ஆகிய இரண்டும் வழங்குகின்றன. ஒலியைத் தன்னுள் வைத்திருக்கும் வடிவமே செய்யுட் பாடத்திற்குப் பொருந்தும் என்பதால் பின்னதே இங்கு ஆளப்படுகிறது.

அருவி காட்டும் பாடம்

2020இல் இக்கட்டுரையாளர் முதுகலை மாணவர். அப்போது பார்க்கக் கிடைத்த ஒரு பாடக் காணொலியில் (தயாரித்தவர் பெயர் இங்குத் தேவையில்லை) சிங்கி தன் மலைவளம் கூறும் பாட்டு நடத்தப்பட்டது. திரையில் பேரருவி முழு வெள்ளமாய் விழுந்தது; பின்னர் ஐந்தருவி, பின்னர் மரக்கிளையில் ஒரு குரங்கு, முடிவில் பனிமூட்டம் தவழும் மலை. பின்னணியில் புல்லாங்குழல். விளக்கவுரை தெளிவாகவே இருந்தது. தேர்வில் அப்பாட்டின் நயம் கேட்கப்பட்டபோது அருவியின் அழகையும் சாரலின் குளுமையையும் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவை எவையும் அப்பாட்டில் முதன்மைப் பொருளல்ல என்பதைப் பின்னர் நூலை எடுத்து வாசித்தபோதே உணர்ந்தேன்.

மலைவளப் பாட்டின் பொருள் இயற்கை வருணனை அன்று, தலைகீழாக்கம். குரங்குகள் தம் துணைக்குக் கனி ஊட்டுகின்றன. அவை சிந்தும் கனியை வானுலகத்தவர் கேட்டு நிற்கின்றனர். உண்பது விலங்கு, இரப்பது தேவர். அருவித் தெறிப்பு வானவீதியையே நனைத்துவிட, ஞாயிற்றின் குதிரைகளும் தேருருளையும் அதில் சறுக்குகின்றன. மேலுள்ளது கீழாகவும் கீழுள்ளது மேலாகவும் மாறும் மலையைச் சொல்பவள் யார் என்பதே இங்கு முக்கியம். மாளிகையில் வாழும் வசந்தவல்லியின் முன் நின்று, ஊர் ஊராய்த் திரிந்து பிழைக்கும் குறத்தி தன் மலையைச் சொல்கிறாள். வானோரும் கையேந்தும் மலை தன்னுடையது என்னும் பெருமிதமும் சற்றுக் குறும்பும் அவள் குரலில் உள்ளன. பேரருவியின் ஒளிப்படம் இவற்றுள் எதையும் தருவதில்லை. சுற்றுலா விளம்பரம் தருவதையே தருகிறது. (இத்தகைய காணொலிகளில் குற்றாலத்திற்குக் கோடைக்காலமே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பாறை தெரியும் அருவியைத் தென்காசியார் ஆண்டுதோறும் பார்க்கின்றனர். திரையில் அது ஒருநாளும் வருவதில்லை.)

பல்லூடகக் கற்றல் குறித்து ஆராய்ந்த ரிச்சர்டு மேயர், கவர்ச்சியாக இருந்தும் பாடப்பொருளுக்குப் புறம்பான படமும் இசையும் கற்றலைக் குறைக்கின்றன என்பதைப் பல சோதனைகளின்வழி காட்டியுள்ளார். அவர் சோதனைகளில் பெரும்பாலும் பயன்பட்டவை மின்னல் தோன்றும் முறை, காற்றழுத்தி இயங்கும் முறை போன்ற அறிவியற் பாடங்கள். இலக்கியப் பாடத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அறிவியற் பாடத்தில் புறம்பான படம் புறம்பானது என எளிதில் தெரிந்துவிடும். குற்றாலப் பாட்டுக்குக் குற்றால அருவி புறம்பானதாகத் தோன்றுவதே இல்லை. பொருத்தமான படம் என்ற தோற்றத்தோடு அது பாட்டின் இடத்தில் அமர்ந்துகொள்கிறது.

இன்மையைக் காட்டவியலாமை

நாட்டுவளப் பாட்டு இதனினும் தெளிவான சான்று. ஓடுதல், ஒடுங்குதல், வாடுதல், வருந்துதல் முதலிய வினைகளை அடுக்கி, அவை குற்றால நாட்டில் இன்ன பொருளுக்கு மட்டுமே உரியன என்று அப்பாட்டு சொல்லிச் செல்கிறது. இந்நாட்டில் அச்சத்தால் ஓடுவோர் இல்லை, வறுமையால் ஒடுங்குவோர் இல்லை என்பது சொல்லாமல் பெறப்படுவது. அணியிலக்கணம் இதனை ஒழித்துக்காட்டணி என்னும். பாட்டின் உயிர் எடுத்துச் சொல்லப்படும் பொருள்களில் இல்லை. விலக்கப்பட்டு நிற்பவற்றில் உள்ளது.

இதனைப் படங்களால் விளக்க முற்பட்டால் நிகழ்வது யாது? ஓடும் ஆறு காட்டப்படும்; கண்மூடி அமர்ந்த யோகி காட்டப்படுவார். படம் ‘உள்ளது’ என்று மட்டுமே சொல்லவல்லது. ‘இது மட்டுமே, பிறிது இல்லை’ என்பதை அதனால் சொல்ல இயலாது. எதிர்மறைக்கும் வரையறைக்கும் உரிய இடைச்சொற்களும் சொல்லொழுங்கும் ஒளிப்படத்திற்கு இல்லை. ஆகவே மாணவர் கையில் எஞ்சுவது ஆறு, யோகி என்னும் பொருட்பட்டியல். அணி காணாமற் போய்விடுகிறது. வினாத்தாளில் ‘இப்பாட்டில் பயிலும் அணி யாது?’ என்ற வினாவுக்கு அணியின் பெயரை மனப்பாடமாக எழுதும் மாணவர், அதனைப் பாட்டில் சுட்டிக்காட்டத் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

இதனால் காட்சியே கூடாது என்பது பெறப்படாது. ஒழித்துக்காட்டணியை விளக்கத் திரையில் வேண்டுவது பாட்டின் அடிகளே. ஆசிரியர் எழுதுகோலால் அடியைக் கோடிட்டு, ‘இங்கே இவ்வினைக்கு நாம் எதிர்பார்க்கும் எழுவாய் எது? கவிராயர் வைத்தது எது?’ என்று கேட்டுச் சற்று நிறுத்தினால் போதும். எட்க்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் நிகழ்ந்த 69 லட்சம் பார்வை அமர்வுகளைப் பகுத்தாய்ந்து குவோ, கிம், ரூபின் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வும், கையால் எழுதிக்கொண்டே விளக்கும் காணொலிகள் வில்லைக் காட்சிகளினும் மாணவர் கவனத்தை மிகுதியாக ஈர்த்ததைக் குறிப்பிடுகிறது. ஆறு நிமிடத்திற்கு மேற்பட்ட காணொலிகளில் கவனம் குறைகிறது என்ற அவர்தம் மற்றொரு முடிவே நம் பயிற்சிப் பட்டறைகளில் அடிக்கடி மேற்கோளாகிறது. அது கவனம் பற்றிய அளவீடு, புரிதல் பற்றியதன்று. ஒரு குறவஞ்சிப் பாட்டு ஆறு நிமிடத்தில் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதனைப் புரிந்துகொள்ளத் திரும்பத் திரும்பக் கேட்கும் நேரத்தை அவ்வாறு நிமிடம் கணக்கில் கொள்வதில்லை.

பாட்டின் தலைமேல் நிற்கும் இரு சொற்கள்

குறவஞ்சிப் பதிப்புகளில் கீர்த்தனைகளின் தலைமேல் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். வகுப்பறையில் அவ்விரு சொற்களும் பெரும்பாலும் வாசிக்கப்படாமலேயே கடக்கப்படுகின்றன. இசைப்பயிற்சி இல்லாத தமிழாசிரியரைக் குறைகூறுவது முறையன்று. நானும் அவ்வாறே கடந்தவள். காணொலி தன் தகுதியை நிலைநாட்டும் இடம் இதுவே எனத் துணிந்து கூறலாம்.

வசந்தவல்லி பந்தாடும் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்குச் சந்தமே பொருள். பந்து எழுவதும் விழுவதும் வளை ஒலிப்பதும் இடை துவள்வதும் சொற்களின் விரைவில் நிகழ்கின்றன. உரைநடையாக்கிப் பொருள் கூறினால் ‘ஒரு பெண் பந்து விளையாடினாள்’ என்பதற்கு மேல் எதுவும் எஞ்சாது. தாளத்தோடு பாடப்பட்டு, அடவோடு ஆடப்பட்டதைக் காணும் மாணவருக்கு, அடிதோறும் சீர்கள் ஏன் அவ்வாறு குறுகி நிற்கின்றன என்பது விளக்கமின்றியே விளங்கும். ருக்மிணி தேவி அருண்டேல் 1944இல் இந்நூலைக் கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக்கியதிலிருந்து குறவஞ்சிக்கு ஒரு புதிய மேடை மரபு உண்டு. அம்மரபைத் தென்காசிக் கல்லூரி மாணவர் காண இன்றுள்ள எளிய வழி இணையக் காணொலியே.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பதிப்பில் குறிக்கப்பட்ட இராகத்திலேயே இன்றைய மேடையில் பாடப்படுகிறது என்று கொள்ளவியலாது. ஒவ்வொரு பாடுமுறையும் ஒரு விளக்கவுரையே. ஒரே பதிவை மட்டும் காட்டினால் மாணவர் அதனையே மூலம் எனக் கொள்வர். ஒரே பாட்டின் இருவேறு பதிவுகளை அடுத்தடுத்துக் காட்டி, எங்கே வேறுபடுகின்றன எனக் கேட்பது நன்று. உரையாசிரியர் இருவரை ஒப்பிடக் கற்பிக்கும் நாம் பாடகர் இருவரை ஒப்பிடக் கற்பிக்கத் தயங்க வேண்டியதில்லை.

சிங்கனின் ஐயம்

நூலின் இறுதிப் பகுதியில், நெடுநாள் தேடிய சிங்கியைக் குற்றாலத்தில் காணும் சிங்கன், அவள் உடலில் பூண்டிருக்கும் அணிகலன்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக் கேட்கிறான். காடே உலகமாகிய வேடனுக்கு அவை பாம்பாகவும் தவளையாகவும் தோன்றுகின்றன. சிங்கி ஒவ்வொன்றும் இன்ன ஊரார் குறி கேட்டுத் தந்த பரிசு என்கிறாள். மாணவர் பெரிதும் விரும்பும் பகுதி இது. காணொலிகளும் இதற்கு மிகுதி.

அவற்றுள் இக்கட்டுரையாளர் பார்த்த பலவற்றில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. சிங்கன் கேள்வி கேட்கும்போதே திரையில் பாம்பும், அதன் அருகே சிலம்பும் தோன்றிவிடுகின்றன. விடையைச் சிங்கி சொல்வதற்கு முன் படம் சொல்லிவிடுகிறது. நகைச்சுவை காலத்தைச் சார்ந்தது. கேள்விக்கும் விடைக்கும் நடுவில் கேட்பவர் ஒரு கணம் பாம்பைப் பாம்பாகவே காண வேண்டும். அக்கணத்தைப் படம் பறித்துவிடுகிறது.

அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. சிங்கன் உண்மையில் அறியாமல் கேட்கிறானா? பிரிந்திருந்த காலத்தில் இவ்வளவு நகை எங்கிருந்து வந்தது என்ற ஐயம் அவன் கேள்விகளுக்குள் இல்லையா? சிங்கியின் விடைகளில் ஊர்ப்பெயர்கள் இவ்வளவு துல்லியமாக வருவது வெறும் பெருமையா, அல்லது கணக்கு ஒப்பிப்பதா? வெள்ளை மனத்தினன் சிங்கன் என்று வாசிக்கலாம். பொறாமையை விளையாட்டுச் சொல்லால் மறைப்பவன் என்றும் வாசிக்கலாம். பனுவல் இரண்டையும் அனுமதிக்கிறது. எதனைத் தெரிவது என்பது குரலில் முடிவாகிறது. பாம்பையும் சிலம்பையும் காட்டும் திரை இவ்வினாவையே எழவிடாமல், பாட்டைக் குழந்தைகளுக்கான பொருத்துக விளையாட்டாக்கிவிடுகிறது.

வட்டத்தொட்டி

குரலே விளக்கம் என்பது இவ்வட்டாரத்திற்குப் புதிய செய்தியன்று. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882-1954) திருநெல்வேலியில் தம் இல்லத்தில் நடத்திய வட்டத்தொட்டியிலும், பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தபோதும், கவிதையை வாய்விட்டுப் பாடியும் திரும்பச் சொல்லியுமே அனுபவிக்கச் செய்தார். சீர் பிரிப்பில் சிக்கிக்கிடந்த செய்யுளைப் பொருள் விளங்கச் சொல் பிரித்து அச்சிட்டதும் அம்முயற்சியின் தொடர்ச்சியே. கம்பன் பாடல்களில் அவர் செய்த திருத்தங்களையும் கழிவுகளையும் ஏற்காதவர் பலர், இக்கட்டுரையாளரும் ஏற்பதில்லை. ஆயினும் ஓர் அடியை எத்தனை முறை, எந்த இடத்தில் நிறுத்தி, எந்தச் சொல்லில் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதைத் திறனாய்வின் கருவியாக்கியவர் அவர் என்பதில் ஐயமில்லை. அதனை இன்று நாம் நண்பர்களும் அன்பர்களும் எழுதிய நினைவுகளின் வழியே ஊகிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தில் குரல் எஞ்சுவதில்லை.

வட்டத்தொட்டியில் ‘இன்னொரு முறை’ என்று கேட்டிருக்கக்கூடிய நண்பரின் இடத்தில் இன்று நிறுத்துபொத்தான் இருக்கிறது. இவ்வொப்புமையை மிகைப்படுத்தக் கூடாது. பொத்தானுக்கு ரசனை இல்லை, கேட்பவர் முகம் வாடுவதைக் கண்டு அது குரலை மாற்றாது. எனினும் காணொலி பாடம் தயாரிப்போர் அதனை மனத்தில் கொண்டால் தயாரிப்பே மாறும். நிறுத்தவும் திரும்பக் கேட்கவும் ஏற்ற இடங்கள் பாடத்திற்குள்ளேயே அமைய வேண்டும். முதலில் விளக்கமின்றி ஒரு வாசிப்பு. பிறகு சொல் பிரித்த பாடம் திரையில் நிற்க ஒரு வாசிப்பு. விளக்கத்திற்குப் பின் மீண்டும் ஒன்று. பேசப்படும் சொற்களையே திரையிலும் காட்டுவது மிகை என்று மேயர் கூறும் விதி செய்யுளுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். புணர்ச்சியால் கலந்து ஒலிக்கும் சொற்களைக் கண் பிரித்துக் காண்பதும் செவி சேர்த்துக் கேட்பதும் ஒரே வேலையல்ல. இது சோதித்து அறியத்தக்கது.

இடமும் தரவும்

காட்சி சொல்லோடு போட்டியிடாமல் துணைசெய்யும் இடங்களும் இந்நூலில் உள்ளன. ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திரசபையின் சுவரோவியங்கள், தலமரமாகிய குறும்பலா, உலா வரும் வீதிகளின் அமைப்பு, சிங்கன் பறவை பிடிக்கச் செல்லும் கோயில் நிலங்களின் பெயர்கள் ஆகியவை அத்தகையன. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அமர்ந்து படிப்பவருக்கு இவை வெறும் பெயர்கள். படம் இங்குப் பாட்டின் பொருளைப் பறிப்பதில்லை. பாட்டு ஏற்கெனவே அறிந்ததாகக் கொள்ளும் ஊரை அறிமுகப்படுத்துகிறது. அருவிக்குச் செலவிடும் நிமிடங்களில் பாதியை இவற்றுக்குத் தந்தாலும் போதும்.

தரவு பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர் ஏறத்தாழ 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவைத் தமிழக அரசு விலையின்றி வழங்க முன்வந்தது. தரவு இருந்தும் அலைவரிசை எட்டாத ஊர்கள் மலையடிவாரத்தில் உண்டு. உயர்தரக் காணொலி ஒன்றின் அளவில் பல மணிநேர ஒலிப்பதிவு அடங்கிவிடும். செய்யுட் பாடத்தின் மையம் ஒலியே எனில், ஒவ்வொரு காணொலியோடும் அதன் ஒலிக்கோப்பைத் தனியே தருவது வசதிக்குறைவுக்கான மாற்று ஏற்பாடு அன்று, பாடமுறையின் பகுதி.

மாணவர் குரல்

ஆய்வாளராகச் சேர்ந்த பின்னர் இளங்கலை மாணவர்க்குச் சில இணையவழி வகுப்புகள் எடுக்கும் வாய்ப்பு நேர்ந்தது. சிங்கன் சிங்கி உரையாடலைப் பார்க்கச் சொல்வதற்குப் பதிலாக, இருவர் இருவராகச் சேர்ந்து கைப்பேசியில் இரண்டு நிமிடம் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பக் கேட்டேன். படம், பின்னணி இசை எதுவும் கூடாது என்பது மட்டுமே விதி. வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒப்பித்தல்தான், அதனை மறைப்பதற்கில்லை. சில பதிவுகளில் ரகர றகர வேறுபாடே கேட்கவில்லை. எழுத்துத் தேர்வு ஒருநாளும் காட்டியிராத குறை அது.

ஒரு பதிவு மட்டும் வகுப்பை இரண்டாகப் பிரித்தது. ஆலங்குளம் பக்கத்து மாணவி ஒருவர் சிங்கனின் முதல் இரு கேள்விகளை வியப்போடும், அடுத்தவற்றைக் குரல் தாழ்த்தி மெல்ல மெல்லக் கடுமையோடும் வாசித்திருந்தார். சிங்கியாக வாசித்த தோழி எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்போடு விடை சொன்னார். ‘சிங்கன் கோபப்படுவதாக நூலில் எங்கே இருக்கிறது?’ என்று மற்றொரு மாணவர் கேட்டார். வாசித்தவர் உடனே விடை கூறவில்லை. சற்றுப் பொறுத்து, ‘தேடி அலைந்தவன் முதலில் உடம்புக்கு நலமா என்றுதானே கேட்பான்? இவன் நகையைத்தானே கேட்கிறான்?’ என்றார். மறுத்தவர் சிங்கன் அலையும் பகுதிப் பாட்டுகளை எடுத்துக்காட்டி, அங்கே ஏக்கம் தவிர ஐயம் இல்லை என்றார். அதன்பின் நாற்பது நிமிடம் யாரும் திரையைப் பார்க்கவில்லை; அனைவரும் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தனர்.